பிள்ளையைச் சீண்டுகிறார்கள்: நம் நூல்கள் யாரைக் கேள்வி கேட்கின்றன?

கேள்வி இது. எட்டாவது படிக்கும் மகனை வகுப்பில் மூன்று பேர் சேர்ந்துகொண்டு பல மாதங்களாகச் சீண்டுகிறார்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, டிபன் பாக்ஸைத் திறந்து கொட்டுவது, பையை ஒளித்து வைப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் அவன் படத்தைப் போட்டுச் சிரிப்பது. வீட்டில் தாத்தா, "பொறுத்துப் போ கண்ணா, எல்லாம் அவரவர் கர்மா" என்கிறார். அப்பாவோ, "ஒரு தடவை திருப்பிக் கொடுடா, அப்புறம் எவனும் கிட்ட வரமாட்டான்" என்கிறார். இரண்டு பேருமே கீதையைத் துணைக்கு அழைக்கிறார்கள். இந்து மதம் இதைப் பற்றி உண்மையில் என்னதான் சொல்கிறது என்று அம்மா கேட்கிறார்.

தாத்தா சொல்வதற்கும் நூல்களில் ஆதாரம் உண்டு, அப்பா சொல்வதற்கும் உண்டு. இவ்வளவு பெரிய மரபில் எதற்குத்தான் ஆதாரம் கிடைக்காது? ஆனால் இருவரும் பையனைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நீ பொறு, நீ அடி. பாரதத்தையும் பாகவதத்தையும் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், அவை முதலில் திரும்பிப் பார்ப்பது வேறு பக்கம்: சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்கும்.

அதற்கு முன்னால், "சின்னப் பசங்க, ஏதோ விளையாட்டுக்குச் செய்றாங்க" என்ற சமாதானத்தைப் பார்த்துவிடலாம். பள்ளியில் நீங்கள் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

கம்பராமாயணத்தில் கூனி நுழைகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இராமனுக்கு முடிசூட்டு விழா, அயோத்தியே குதூகலிக்கிறது. கூனி மட்டும் கோபத்தில் வாயை மடித்துக்கொண்டு கைகேயியின் மாளிகைக்கு விரைகிறாள். இவளுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? "பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்" என்கிறான் கம்பன். சிறுவனாக இருந்தபோது இராமன் உண்டைவில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகில் அடித்திருக்கிறான். அரண்மனைப் பிள்ளைக்கு அது ஒரு பொழுது விளையாட்டு. ஊனமுற்ற ஒரு பணிப்பெண்ணுக்கு, வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த அடி. வால்மீகி இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. தமிழ் மரபில் இது கம்பனுக்கு முன்பே உண்டு. "கூனே சிதைய உண்டை வில் நிறத்தில் தெறித்தாய் கோவிந்தா" என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியிருக்கிறார்.

கம்பன் இதை இங்கேயே விட்டுவிடவில்லை. அயோத்தியா காண்டத்தில் போட்ட முடிச்சைக் கிட்கிந்தா காண்டத்தில் அவிழ்க்கிறான். சுக்கிரீவனுக்கு முடிசூட்டிய பிறகு இராமன் அவனுக்கு அரசு நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுக்கிறான். அதில் ஒன்று: "சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல்." சின்னவர்கள்தானே என்று அலட்சியமாக யாரையும் நோகடிக்காதே. இதற்கு இராமன் காட்டும் சான்று, தான் செய்ததேதான். இந்த நெறியை மதிக்காமல் "யான் ஓர் தீமை இழைத்தலால்" கூனியின் கையால் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். கம்பன் பரம்பொருளாகக் கொண்டாடும் இராமன் வாயில் இந்த வரி வருகிறது. அறியாப் பருவம் என்றோ அவள்தான் தப்பாக எடுத்துக்கொண்டாள் என்றோ அவன் சொல்லவில்லை. தீமை என்றே பெயர் வைக்கிறான். சீண்டுகிற பையனின் பெற்றோர் "சும்மா தமாஷுக்கு" என்று ஆரம்பித்தால், எனக்கு இந்தப் பாட்டுதான் நினைவுக்கு வரும்.

மகாபாரதமும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். ஆதிபர்வத்தில் பீமன் ஒருவனாகக் கௌரவர் நூறு பேரையும் படுத்திய பாடு விரிவாகவே வருகிறது. தலைமயிரைப் பிடித்துத் தரையில் இழுப்பான். குளிக்கும்போது பத்துப் பேரைச் சேர்த்துப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி, மூச்சு முட்டிச் சாகும் நிலைக்கு வந்த பிறகு விடுவான். அவர்கள் பழம் பறிக்க மரத்தில் ஏறினால் மரத்தை உதைப்பான். பழமும் விழும், பிள்ளைகளும் விழுவார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிக்க வைத்திருக்கிறேன். பீமன் நம்ம ஆள் அல்லவா? வியாசரும் அவனுக்காக ஒரு வரி பரிந்து பேசுகிறார்: சிறுபிள்ளைத்தனத்தால் செய்தான், வஞ்சத்தால் அல்ல என்று.

வஞ்சம் இல்லைதான். அதனால் மரத்திலிருந்து விழுந்தவனுக்கு வலிக்காமல் போய்விடுமா? அடுத்த காட்சியிலேயே துரியோதனன் பிரமாணகோடியில் கங்கைக் கரையில் விருந்து வைத்து, பீமனுக்குத் தன் கையாலேயே நஞ்சு கலந்த சோற்றை ஊட்டி, கொடியால் கட்டி ஆற்றில் தள்ளுகிறான். பின்னால் நடந்த அத்தனை கொடுமைக்கும் துரியோதனன்தான் பொறுப்பு, சந்தேகமில்லை. ஆனால் பாரதம் அவனை வானத்திலிருந்து விழுந்த கெட்டவனாகக் காட்டவில்லை. பீமனின் முரட்டு விளையாட்டைப் பெரியவர்கள் யாராவது தடுத்ததாக ஆதிபர்வத்தில் ஒரு வரி கிடையாது. பீஷ்மர் இருந்தார், விதுரர் இருந்தார், குந்தி இருந்தாள். அவன் மரத்தை உதைத்துக்கொண்டே இருந்தான்.

நஞ்சிலிருந்து பிழைத்து வந்து பீமன் நடந்ததையெல்லாம் சொன்னதும் தருமன், "பேசாமல் இரு, இதை யாரிடமும் சொல்லாதே" என்கிறான். குற்றம் சாட்டினால் துரியோதனன் இன்னும் மூர்க்கமாவான் என்று விதுரர் கணக்குப் போட்டதும் அதே யோசனைதான். அரண்மனைச் சூழலில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கலாம். ஆனால் பலன் என்ன? மறுபடியும் நஞ்சு, அப்புறம் வாரணாவதத்தில் அரக்கு மாளிகை. வாயை மூடிக்கொண்டதால் துரியோதனன் திருந்தியதாகக் கதையில் எங்கும் இல்லை.

சரி, தாத்தாவின் பொறுமைக்கு வருவோம்.

வனபர்வத்தில் காட்டில் உட்கார்ந்துகொண்டு திரௌபதி தருமனிடம் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட உங்கள் வீட்டுச் சண்டைதான். எப்போதும் பொறுத்துக்கொண்டே இருக்கும் மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்ற எரிச்சல் அவளுக்கு. அவள் ஒரு பழைய உரையாடலை எடுத்துச் சொல்கிறாள். மகாபலி தன் தாத்தா பிரகலாதனிடம், பொறுமை பெரிதா, கடுமை பெரிதா என்று கேட்கிறான். எப்போதும் கடுமையும் நல்லதல்ல, எப்போதும் பொறுமையும் நல்லதல்ல என்கிறான் பிரகலாதன். எப்போதும் பொறுப்பவனை வேலைக்காரர்கள்கூட மதிக்கமாட்டார்கள், அவன் பொருளை எடுப்பார்கள், முகத்துக்கு நேரே இழிவாகப் பேசுவார்கள். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். யாராக இருந்தாலும் முதல் பிழையைப் பொறுக்கலாம். இரண்டாவது தடவை அதே ஆள் செய்தால், எவ்வளவு சின்னப் பிழையானாலும் தண்டனை உண்டு. தெரிந்தே செய்துவிட்டுத் தெரியாது என்று சாதிப்பவனுக்குச் சலுகை கிடையாது.

இதைச் சொல்வது யார் என்று பாருங்கள். பொறுமைக்கே இலக்கணமாக நாம் காட்டும் பிரகலாதன். பெற்ற அப்பனே யானைக் காலிலும் மலை உச்சியிலும் போட்டபோது ஒரு சுடுசொல் பேசாதவன். அப்படிப்பட்டவன் பேரனுக்குச் சொல்லும்போது பொறுமைக்கு ஒரு எல்லை வைக்கிறான்.

திரௌபதி பேசியதோடு அத்தியாயம் முடியவில்லை, தருமன் பொறுமையின் பெருமையை நீளமாக எடுத்துரைத்துப் பதில் சொல்கிறான். வியாசர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். விதுர நீதியில் இன்னொரு வரி உண்டு: பொறுமைசாலிக்கு ஒரே ஒரு குறைதான், இவனால் ஒன்றும் முடியாது என்று உலகம் நினைத்துவிடும். விதுரர் அதற்காகப் பொறுமையைக் கைவிடச் சொல்லவில்லை, அதுவே பெரிய பலம் என்றுதான் தொடர்கிறார். ஆனால் எட்டாம் வகுப்பில் அந்த ஒரு குறை போதும், வருஷம் முழுக்கச் சித்திரவதைதான்.

அவமானத்தைத் தாங்குவதே பெரிய தவம் என்று சொல்லும் பகுதிகளும் நிறைய. பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில் அவந்தி நாட்டு அந்தணன் கதை வருகிறது. பணத்தை இழந்து துறவியான கிழவனை ஊர்க்காரர்கள் படுத்தும் பாட்டைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். தண்டத்தைப் பிடுங்குவார்கள், சாப்பிடும் சோற்றில் மூத்திரம் பெய்வார்கள், தலையில் துப்புவார்கள், மௌனத்தைக் கலைக்க அடிப்பார்கள். அவன், என் துயரத்துக்குக் காரணம் இந்த மனிதர்களும் அல்ல, கிரகமும் அல்ல, என் மனம்தான் என்று பாடுகிறான். மகத்தான பகுதி. பத்தமடையில் பிறந்து ரிஷிகேசம் போன சுவாமி சிவானந்தர், அவமானத்தைத் தாங்கு, காயத்தைத் தாங்கு, அதுவே உயர்ந்த சாதனை என்று சீடர்களுக்குச் சொன்னதும் இந்த வழியில்தான். ஆனால் இது யாருக்குச் சொன்னது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தெரிந்தே அந்தப் பாதையில் இறங்கியவர்களுக்கு. பதின்மூன்று வயதுப் பையன் சந்நியாசம் வாங்கிக்கொள்ளவில்லை. அவனுக்கு இந்த மருந்தை ஊட்டுவது அதிகாரம் அறியாமல் செய்கிற உபதேசம். நம் மரபில் ஒவ்வொரு போதனைக்கும் அதற்குரிய ஆள் என்று ஒரு கணக்கு உண்டு. தாத்தாவுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கும், பேரன் விஷயத்தில் மறந்துவிட்டார்.

இல்லறத்தாருக்குச் சொன்னது வேண்டுமானால் ராமகிருஷ்ணர் சொன்ன பாம்புக் கதை இருக்கிறது. கடிக்காதே என்று ஒரு சாது உபதேசம் செய்தபின் பாம்பு சாதுவாகிவிட்டது. மாடு மேய்க்கும் பையன்கள் வாலைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அடித்துக் குற்றுயிராக்கினார்கள். சாது திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாகக் கிடந்த பாம்பிடம், கடிக்காதே என்றுதானே சொன்னேன், சீறாதே என்றா சொன்னேன் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இதைச் சொல்லிவிட்டு "நீயும் சீறு" என்று பையனை அனுப்பிவிடுகிறார்கள், அதில்தான் எனக்கு வருத்தம். பாம்புக்குச் சீறத் தெரியும், பயந்துபோன பையனுக்கு அது வராது. நேராகப் பார்த்து, குரல் நடுங்காமல், "என் பையைத் தொடாதே, கொடு" என்று சொல்வதை வீட்டில் அப்பாவோடு நின்று பலமுறை சொல்லிப் பழக வேண்டும். அதையும் மீறி நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் முன்கூட்டியே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கர்மா விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். அடி வாங்கிவிட்டு வந்த பிள்ளையிடம் "உன் பூர்வ ஜென்ம வினை" என்று சொல்வது சாஸ்திரமும் இல்லை, கருணையும் இல்லை. வினைக்கொள்கை ஒருவன் தன் செயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது, அடுத்தவன் அழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை. பசியோடு பந்தியில் உட்கார்ந்தவனிடம் உன் வினைதான் என்று சொல்லி இலையை எடுக்கிறோமா? அப்படிச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மூன்று பையன்கள் செய்வதும் வினை. பார்த்துக்கொண்டு நிற்கிற ஆசிரியர் செய்வதும் வினை. தாத்தா வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்வதும் வினைதான், அதற்கும் பலன் உண்டு.

இப்போது நான் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். சபாபர்வம். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது நடந்ததைப் பலாத்காரம், அவமானம், சூதாட்டத்தின் கேடு என்று பல விதமாகப் படிக்கிறோம். ஒரு கூட்டம் ஒருத்தியைச் சூழ்ந்து கேலி செய்ய, மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியும்தான் அது. தன்னையே தோற்றுவிட்ட தருமன் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்று அவள் கேட்ட கேள்விக்குப் பீஷ்மர், தர்மம் நுட்பமானது, என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை என்கிறார். வாய் திறந்து இது அநியாயம் என்று சொன்னவன் விகர்ணன், திருதராஷ்டிரனின் இளைய பிள்ளைகளில் ஒருவன். நீ சிறுபிள்ளை, பெரியவர்கள் சபையில் உனக்கு என்ன பேச்சு என்று கர்ணன் அவனை அடக்குகிறான்.

அதன் பிறகு விதுரர் எழுந்து ஒரு கதை சொல்கிறார். பிரகலாதனின் மகன் விரோசனனுக்கும் சுதன்வன் என்ற அந்தணனுக்கும் தகராறு, உயிரையே பந்தயம் வைத்துவிட்டுப் பிரகலாதனிடம் தீர்ப்புக்கு வருகிறார்கள். சொந்த மகன் விஷயம். தீர்ப்புச் சொல்லாமல் நழுவினால் என்ன ஆகும் என்று பிரகலாதன் காசியபரைக் கேட்கிறான். காசியபர் சொன்ன கணக்கு இது: ஒரு சபையில் கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காமல் விட்டால், அந்தப் பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்கு. கால் பங்கு செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு கண்டிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. கண்டித்துவிட்டால் தலைவனும் சபையும் தப்பித்தார்கள், பாவம் முழுக்கச் செய்தவன் தலையில்.

மறுபடியும் ஒருமுறை படியுங்கள். செய்தவனுக்குக் கால், தலைவனுக்குப் பாதி. மனுஸ்மிருதியும் இதே போல் ஒரு கணக்குச் சொல்கிறது, ஆனால் அங்கே செய்தவன், சாட்சி, சபையினர், அரசன் என்று நால்வருக்கும் சரிசமமாகக் கால் கால். பாரதம்தான் நாற்காலியில் இருப்பவன் தலையில் இரண்டு பங்கை வைக்கிறது. வகுப்பில் நடந்தால் அந்த நாற்காலி வகுப்பாசிரியருடையது. பள்ளியில் நடந்தால் தலைமையாசிரியர். வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தால் அட்மின். வீட்டில் நடந்தால்? குடும்பத்துக் குழந்தைகள் கூடும்போது ஒரு குழந்தையின் நிறத்தையோ குண்டையோ வைத்து எல்லாரும் ஓட்டும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சித்தப்பா, அத்தை, நாம்தான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியும் இம்சையை மூன்றாகப் பிரிக்கிறார்: தானே செய்தது, செய்வித்தது, ஆமோதித்தது. குரூப்பில் சிரிப்பு எமோஜி போடுவது மூன்றாவது வகை என்று பையன்களுக்குச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

விதுரர் இவ்வளவு சொன்ன பிறகும் சபையில் ஒரு அரசனும் பேசவில்லை. கர்ணன் மட்டும் வாய் திறந்து, இந்த வேலைக்காரியை உள்ளே கொண்டு போ என்று துச்சாதனனிடம் சொல்கிறான். வியாசருக்கு மனிதர்களைத் தெரியும்.

விராடபர்வத்தில் இதே நிலை மறுபடியும் வருகிறது, ஆனால் இங்கே திரௌபதி முறைப்படி புகார் கொடுக்கப் போகிறாள். பாண்டவர்களும் அவளும் மாறுவேடத்தில் விராட மன்னன் அரண்மனையில் வேலை பார்க்கும் காலம் அது. அவளைத் தொந்தரவு செய்யும் கீசகன் அரசனின் மைத்துனன், சேனாதிபதி வேறு. அவள் அரசவைக்கு ஓடுகிறாள். விராடன் கண்ணெதிரிலேயே கீசகன் அவள் தலைமுடியைப் பிடித்து உதைக்கிறான். விராடன் சொன்ன பதில் என்ன தெரியுமா? நீங்கள் இருவரும் எங்கோ என் கண் மறைவில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள், உண்மை தெரியாமல் நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும் மேடம், நாங்க பார்க்கலையே" என்று பள்ளியில் சொன்னால் அது விராடன் வசனம்தான். அன்று இரவு அவள் சமையலறையில் தூங்கிக்கொண்டிருந்த பீமனை எழுப்பினாள், கீசகன் செத்தான். நாற்காலியில் இருப்பவன் கடமையைச் செய்யாவிட்டால் விஷயம் பீமன் கைக்குப் போய்விடும். அது எப்படி முடியும் என்பது யார் கையிலும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. நம் ஊர்ப் பள்ளிகளில் சீண்டலில் ஒரு பெரும்பகுதி சாதியை வைத்து நடக்கிறது, சாதியை நியாயப்படுத்தும் வரிகளும் இதே நூல்களில்தான் இருக்கின்றன. ஆயுதப் பயிற்சி அரங்கேற்றத்தில் கர்ணன் எவ்வளவு திறமை காட்டியும், தேரோட்டி அதிரதன் வந்து அவனைக் கட்டிக்கொண்டதும் பீமன், உன் குலத்துக்கு ஏற்றபடி போய்ச் சாட்டையைப் பிடி என்று கேலி செய்கிறான். கர்ணன் அன்றே துரியோதனன் பக்கம் போய்விட்டான். பிறகு அதே வாய் திரௌபதியை வேலைக்காரி என்று சொன்னது. 2023ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024ல் பரிந்துரைத்தது. உங்கள் மகனைச் சீண்டுவது சாதி சொல்லி என்றால் அதைப் "பசங்க சண்டை" கணக்கில் வைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

பையனின் மனசுக்கு என்ன கொடுப்பது என்றால், நான் துருவன் கதையைச் சொல்வேன், பாகவதத்தில் இருக்கிறபடி முழுசாக. ஐந்து வயதுக் குழந்தை அப்பா மடியில் ஏறப் போகிறான். சின்னம்மா சுருசி, என் வயிற்றில் பிறந்திருந்தால்தான் உனக்கு இந்த மடி என்று தள்ளிவிடுகிறாள். அப்பா உத்தானபாதன் பார்த்துக்கொண்டே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான், பாகவதம் அதைக் குறித்து வைத்திருக்கிறது. குழந்தை உதடு துடிக்க அம்மாவிடம் ஓடுகிறான். அம்மா சுநீதி, பிறருக்குக் கெடுதல் நினைக்காதே, பிறருக்குக் கொடுத்த துன்பம்தான் நமக்குத் திரும்பி வருகிறது என்கிறாள். கர்மாவைத் தொட்டுத்தான் பேசுகிறாள், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. உனக்கு இன்னார் துணை, அவனிடம் போ என்று வழிகாட்டி அனுப்புகிறாள்.

வழியில் நாரதர். குழந்தாய், உன் வயசில் மானம் என்ன அவமானம் என்ன, உன்னை விட மேலானவரைக் கண்டால் மகிழ்ச்சி கொள், கீழானவரிடம் கருணை காட்டு, சமமானவரிடம் நட்பாக இரு, எந்தத் துன்பமும் வராது என்று அருமையாகச் சொல்கிறார். துருவன் என்ன சொன்னான்? நீங்கள் சொல்வது நல்ல அறிவுரைதான், ஆனால் சுருசியின் சொல்லம்பு துளைத்த என் நெஞ்சில் அது தங்கவில்லை. நாரதர் கோபித்துக்கொள்ளாமல், சரி, என்று அவன் நிலைக்கு இறங்கி வந்து மந்திரமும் வழியும் சொல்லிக் கொடுக்கிறார். காயப்பட்ட பிள்ளையிடம் தத்துவம் பேசி அது ஏறாதபோது பெரியவர்கள் செய்ய வேண்டியது இதுதான்.

அப்பாவுக்கு இதே கதையின் பின்பகுதி. துருவன் அரசனான பிறகு அவன் தம்பி உத்தமனை ஒரு யட்சன் கொன்றுவிடுகிறான். துருவன் யட்சர்கள் ஊருக்கே படையெடுத்துக் கண்டவரையெல்லாம் கொல்கிறான். தாத்தா சுவாயம்புவ மனு நேரில் வந்து, ஒருவன் செய்த குற்றத்துக்கு இத்தனை பேரைக் கொன்றாயே, போதும், என்று நிறுத்துகிறார். துருவன் நிறுத்துகிறான். தற்காப்புக்கு நம் மரபில் தடையில்லை. தெய்வ குணங்களைக் கீதை பட்டியலிடும்போது முதலில் வைப்பது அச்சமின்மை. அகிம்சை அடுத்த சுலோகத்தில் வருகிறது. ஒருவன் கழுத்தைப் பிடித்தால் தள்ளிவிட்டு ஓடி வரலாம், கையை முறுக்கினால் விடுவித்துக்கொள்ளலாம். ஆனால் "போய் ஒரு நாள் நல்லா கொடுத்துட்டு வா" என்பது வேறு. மூன்று பேருக்கு எதிராக ஒருத்தனை அனுப்புவது வீரம் சொல்லிக் கொடுப்பது ஆகாது. அடி பலமாகப் பட்டுவிட்டால் பள்ளியில் குற்றவாளியாக நிற்பதும் உங்கள் மகன்தான்.

அதனால் நாளைக்குச் செய்ய வேண்டியது பெரும்பாலும் பெரியவர்கள் வேலை. வாட்ஸ்அப் படங்களை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் வாயால் சொல்வதோடு விடாமல், தலைமையாசிரியர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். "நாங்க பார்க்கலை" என்ற பதிலுக்கு எழுத்தும் படமும்தான் மாற்று. அந்த மூன்று வீட்டுக்கும் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள், பள்ளி கூப்பிடட்டும். பள்ளி அசையாவிட்டால் தமிழ்நாட்டுக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. பையன் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போகப் பயந்து, செத்துப் போகலாம் போல இருக்கிறது என்ற ரீதியில் பேசினால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கோயிலுக்கு மறுநாள் போய்க்கொள்ளலாம்.

வகுப்பில் நிச்சயம் ஒரு விகர்ணன் இருப்பான். உங்கள் மகனைக் கேட்டால் பெயர் சொல்வான். அவன் அம்மாவிடம் பேசிப் பாருங்கள். இடைவேளையில் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்தாலே மூன்று பேரின் துணிச்சல் பாதியாகக் குறையும்.

ஒருவேளை நாளைக்கு யாராவது போன் செய்து, உங்கள் மகன்தான் இன்னொரு பையனைப் படுத்துகிறான் என்று சொன்னால், "எங்க வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்று ஆரம்பிக்காதீர்கள். திருக்குறளை இந்து நூல் என்று மட்டும் அடைக்க முடியாது, எல்லாருக்கும் பொது. அதில் 250ஆவது குறள், "வலியார்முன் தன்னை நினைக்கதான் தன்னின் மெலியார்மேல் செல்லும் இடத்து." உன்னை விட மெலிந்தவன் மேல் பாயும்போது, உன்னை விட வலுத்தவன் முன்னால் நீ நிற்பதை நினைத்துப் பார். அவனை உட்கார வைத்து, ஐந்தாவது படிக்கும்போது யாருக்குப் பயந்தாய் என்று மெல்லக் கேளுங்கள், அவனே சொல்வான். அப்புறம் அந்தப் பையன் வீட்டுக்கு அவனோடு நீங்களும் போங்கள்.